ஊசி போடுகிறவர்களும் ஊசியும்

ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் தங்கள் கையை நீட்டச் சொன்னால் மாத்திரம் பின்வாங்குகின்றார்கள் என்று பலர் பரிகசிப்பதைக் கேட்டிருக்கின்றோம். பரிகாசம் செய்வது சுலபம். காரணத்தை விசாரிப்பதுதான் நமது வேலை.

2021-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி நமது தேசத்தில் கொரோனா தடுப்பூசி ஆரம்பமான போது, முதல் உரிமை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கே என்று சர்க்கார் சொல்லிற்று. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் முதன்முதல் போட்டுக் கொண்டவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. பந்தியிலும், நாற்காலியிலும், சம்பளப் பட்டுவாடாவிலும் கடைசியில் நிறுத்தப்படுகிற கூட்டத்தாருக்கு இதில் மாத்திரம் முதலிடம் கிடைத்தால், “நம்மை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களோ?” என்று அவர்களுக்குத் தோன்றாமலிருக்குமா? இதை மூடத்தனம் என்று தள்ளிவிட நம்மால் ஆகாது. அவர்கள் அனுபவம் அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது.

டாக்டர்கள் மாத்திரம் என்ன செய்தார்கள்? அன்றைய தினமே டெல்லியில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர்கள், கோவாக்சின் வேண்டாம், கோவிஷீல்டு கொடுங்கள் என்று எழுதிக் கேட்டார்கள். ஏனெனில், ஜனவரி 3-ந் தேதி கோவாக்சினுக்கு அவசர அனுமதி கொடுக்கப்பட்ட காலத்தில் அதன் மூன்றாங்கட்டப் பரீட்சையின் முடிவு வெளிவரவில்லை. போட்டுக் கொள்பவரிடம் சம்மதக் கையெழுத்து வேறு வாங்கப்பட்டது. கணக்கைக் காட்டு, பிறகு குத்து என்றதில் குற்றமென்ன? அந்தக் கணக்கும் அவ்வருஷம் நவம்பரில் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் நூற்றுக்கு 77.8 பலன் என்று அச்சாகிவிட்டது. கணக்கு வந்தபின் தீருவதுதான் சந்தேகம். வந்தபின்னும், ஊசியால் மலடாகிவிடுவோம் என்று படித்த நர்சுகளும் நடுங்குவார்களானால், அது பெரியம்மைக்கு வேப்பிலை செருகிய புத்தியேயாகும். (அந்த ஆத்தாள் உலகத்தை விட்டே போய்விட்டாள் என்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சாற்றியது வேப்பிலையாலல்ல, தடுப்பூசியால்.)

நிற்க. கொரோனாவுக்கு இவ்வளவு அமர்க்களம் செய்தவர்கள், ஈரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி விஷயத்தில் வாய் திறப்பதைக் காணோம். அதற்குத் தடுப்பூசி 1980-களிலிருந்தே இருக்கிறது. மூன்று தரம் போட வேண்டும். போடாதவர் கையில் அந்நோயாளியின் ஊசி குத்திவிட்டால் நூற்றுக்கு 30 பேர் வரையில் தொற்றும். எய்ட்ஸ் கிருமியோ, அப்படிக் குத்தினால் ஆயிரத்துக்கு 3 பேருக்குத்தான். ஆனால், எல்லோரும் பயப்படுவது எய்ட்ஸுக்கே! குத்தின ஊசியைக் குப்பையிலிருந்து அள்ளுகிறவர் டாக்டரல்ல, ஒப்பந்தக் கூலிக்காரர். மூன்று ஊசியும் முடிந்ததா என்று அவரை எந்த அதிகாரியாவது, எந்தக் கண்டிராக்டராவது கேட்டதுண்டா? ஒப்பந்தக் கூலிதானே, இவன் போனால் இன்னொருவன் வருகிறான் என்பதுதானே எண்ணம்!

கட்டாயப்படுத்தி உத்தரவு போடுவதனால் பயம் தீராது. மேலதிகாரிகள் அவர்களோடு சமமாக உட்கார்ந்து, இன்ன பலன், இன்ன தொந்திரவு, கை வீங்கினால் இன்னாரிடம் வா, அன்றைய கூலி பிடிக்கப்பட மாட்டாது என்று தமிழில் சொல்லட்டும். தோழர்களும் தங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கூட்டிப் பெருக்குகிற அம்மாளிடம் மூன்று ஊசியும் ஆயிற்றா என்று விசாரித்து, ஆகவில்லையென்றால் அங்கேயே ஆஸ்பத்திரி அதிகாரியிடம் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வரும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.