கொள்ளிக்குடமும் குலப்பெருமையும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு தாய் இறக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. கொள்ளி வைப்பவர் யார் என்பது ஒன்று. காதலித்து மணந்து வெளியேறிய பிள்ளையைப் படலைக்குள் விடுவதா என்பது மற்றையது. முதற் கேள்விக்குச் சமயாசாரம் விடை சொல்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வன சாதியும் சொத்துமே. ஆயினும், அவ்விடை எப்பொழுதும் சமயத்தின் குரலிலும் தாய்ப்பாசத்தின் குரலிலுமே ஒலிக்கின்றது. அந்தக் கள்ளக் குரலை அடையாளங் காண்பது நமது கடமையாகும்.

மரண அறிவித்தல்களைக் கூர்ந்து படியுங்கள். 'இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் பாசமிகு மாமியாரும்' என்று நீளும் வரிசையிலே சில வேளைகளில் ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் இராது. அச்சுக்கோப்பவர் விட்ட பிழையென்று எண்ணவேண்டாம். குடும்பம் கூடி எழுதிய தீர்ப்பு அது. பின்னர் செத்தவீடு. சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடுவர்; வாய்க்கரிசி இடுவர்; பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பர். வடமராட்சியில் நான் சென்ற செத்தவீடொன்றிலே, கத்தோலிக்கர் ஒருவரை மணந்த மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு ஒழுங்கையில் நின்றாள். உள்ளே பந்தங் கொளுத்திக் கொடுத்தபோது அவ்விரு பிள்ளைகளுக்கும் கொடுப்பார் இல்லை. பந்தம் என்னும் சொல்லுக்கு உறவென்றும் பொருளுண்டு என்பதை அங்கிருந்த சைவப் பெரியார் எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. "தாயைத் தின்றவள்" என்றார் அவர்களுள் ஒருவர்.

இந்தப் பழிச்சொல்லைச் சற்றே ஆராய்வோம். பிரிவுத் துயரம் அத்தாயை வாட்டியது உண்மையாகலாம். அப்பிரிவை உண்டாக்கியவர் யார்? மணம் புரிந்தவளா, படலையைப் பூட்டியவர்களா? மகளைத் தலைமுழுகியவர் தந்தை. 'அவள் வந்தால் நான் இந்த வீட்டில் மிதியேன்' என்றவர் தாய்மாமன். தாயின் விருப்பத்தை எவரேனும் கேட்டனரா? அயலவர் கையில் மகளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும் தாய்மாரை நம் ஊர்கள் அறியும். அதனை ஒளித்துச் செய்யவேண்டிய நிலையில் அவர்களை வைத்தவர்கள் யாரென்பதையும் அறியும். உயிரோடிருந்த காலத்தில் வாய்திறக்க விடப்படாதவளின் பெயரால், அவள் இறந்தபின் தண்டனை விதிக்கிறார்கள். இதற்குத் தாய்ப்பாசம் என்று பெயராம்!

இது நம் பண்பாடு என்பார்க்கும் விடையுண்டு. களவுக்கென ஓர் இயலையே வகுத்தது தொல்காப்பியம். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், காதலனுடன் சென்ற மகளை எண்ணித் தாய் இரங்குவதாக ஒரு பத்துச் செய்யுள்கள் உள்ளன. உயர்தர வகுப்புகளில் அத்தகைய இரங்கலை நாம் உருக்கமாக விளக்குகிறோம். ஆனால், அப்பகுதி இரங்கலோடு முடிவதில்லை. அதன் இறுதிப் பத்து 'மறுதரவுப் பத்து', சென்றவர் மீண்டு வருதலைப் பாடுவது. மகள் தன் காதலனோடு திரும்பிவரக் கரைவாயாயின் பொற்கலத்தில் ஊன்சோறு தருவேன் என்று ஒரு தாய் அங்கே காகத்தை வேண்டுகிறாள். இன்று அண்ணன்மார், மகளை ஒழுங்கையில் நிறுத்திவிட்டு, இறந்த தாயின் பெயரால் காகத்துக்குச் சோறு வைக்கிறார்கள். பண்பாட்டிலிருந்து வழுவியவர் யார்?

சமயத்தின் பெயர் சொல்வார் பட்டினத்தாரை நினைக்கட்டும். மனையையும் பொருளையும் சுற்றத்தையும் துறந்த அவர், தாயின் ஈமக்கடனுக்கு மீண்டு வந்தார் என்பது நம்மவர் போற்றும் வரலாறு. இல்லறத்தையே துறந்தவன் தாய்க்குக் கொள்ளி வைக்கலாம். இல்லறத்தை விரும்பி ஏற்றவன் வைக்கலாகாதோ?

உண்மைக் காரணம் காணியுறுதியில் கிடக்கிறது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையின்படி, தாயின் சீதனமே மகளுக்குச் சீதனமாக இறங்கும் மரபு நம்முடையது. காதலித்துச் சென்றவளுக்குச் சீதனம் எழுதப்படுவது அரிது. 'மானம் போயிற்று' என்று அழுகின்ற வீட்டிலே வளவு மிஞ்சுகிறது. சட்டமும் பெண்ணைக் கணவனின் நிழலாகவே கண்டது: தேசவழமைக்கு உட்படாத ஒருவனை அவள் மணந்தால், அம்மணம் நிலைக்குமளவும் அவளும் அதற்கு உட்படாதவளே என்கிறது 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்.

சைவரை மட்டும் குறைகூறுவதும் நேர்மையாகாது. கலப்பு மணத்தில் கத்தோலிக்கரல்லாத துணைவர் வாக்குறுதி தரவேண்டும் என்ற விதியைத் திருச்சபை 1970 இல் கைவிட்டது; ஆயினும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதெல்லாம் செய்வேன் எனக் கத்தோலிக்கத் துணைவர் இன்றும் வாக்களிக்க வேண்டும். முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் மதமாற்றமே மணத்தின் முதல் நிபந்தனை. பிறவாத பிள்ளைக்குக் கூட ஒவ்வொரு சமயமும் உரிமை கோருகிறது. வெவ்வேறு சமயத்தவர் மதம் மாறாமலே மணம்புரிய இந்நாட்டின் பொது விவாகச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், விவாகத்தைப் பதியும் சட்டம் செத்தவீட்டுப் படலையைத் திறக்கமாட்டாது.

அதனைத் திறக்கவேண்டியவர் நாமே. சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தல் குற்றமென 1957 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழையும் உரிமைக்குப் போராடினர். அப்போராட்டத்தை மேடைதோறும் போற்றும் முற்போக்காளர் பலர், தம் தங்கையின் பெயர் மரண அறிவித்தலில் விடுபடும்போது, 'வீட்டு விவகாரம்' என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். சாதி தன் கடைசிக் கோட்டையை வீட்டுக்குள்ளேதான் கட்டியிருக்கிறது. அங்கே மௌனம் காப்பவர் வெளியே முழங்கிப் பயன் என்ன?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! வகுப்பறையில் இரங்கற் பத்தோடு நின்றுவிடாது மறுதரவுப் பத்தையும் கற்பியுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்து மரண அறிவித்தலிலே விடுபட்ட பெயரை எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் எல்லோர் கையிலும் பந்தம் கொடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, தாய் உயிரோடிருக்கும்போதே அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.