படைப் பணியும் மருத்துவப் படிப்பும்



பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளை மருத்துவம் பயில விரும்புகின்றான். தனியார் கல்லூரிக் கட்டணமோ குடும்பத்தின் கைக்கு எட்டாதது. அவ்வேளையில், "இராணுவத்தின் வழியாகச் சென்றால் இலவசமாகவே டாக்டராகலாமாமே!" என்ற பேச்சு வீட்டில் எழுகின்றது. பேச்சில் உண்மை உண்டு. ஆயினும் 'இலவசம்' என்னும் அச்சொல்லைச் சற்று நிதானித்து நோக்குதல் நலம்.

புனே நகரிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948-இல் நிறுவப்பெற்றது. 1962 முதல் அங்கு எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு நடைபெற்று வருகின்றது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 150 பேருக்கே இடம். நீட் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோர் அழைக்கப்பெற்று, நேர்முகத் தேர்வையும் கடுமையான உடற்பரிசோதனையையும் கடந்த பின்னரே சேர்க்கப்படுகின்றனர். விண்ணப்பிப்போர் மணமாகாதவராய் இருத்தல் வேண்டும். கல்விக் கட்டணம் கிடையாது.

பெண்மக்களுக்கு வேறொரு வாயிலும் உண்டு. 1888-இல் தொடங்கிய இராணுவச் செவிலியர் பணிக்காக, படைத்துறையின் நர்சிங் கல்லூரிகளில் 4 ஆண்டுப் பட்டப்படிப்பு அளிக்கப்படுகின்றது. வெளிக் கல்லூரிகளில் பட்டம் பெற்ற மருத்துவரும் குறுகிய காலப் பணியில் சேரலாம்; அப்பணி 14 ஆண்டுவரை நீளக்கூடும்.

இனி, விலையைப் பார்ப்போம். சேரும்போதே மாணவன் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகின்றான். படிப்பு முடிந்ததும் படையின் அதிகாரியாகப் பணியாற்றுவேன் என்பதே அதன் சாரம். மீறினால் பெருந்தொகை செலுத்த வேண்டும். "முதலில் பட்டம் வரட்டும், பிறகு பணத்தைக் கட்டி வெளியே வந்துவிடலாம்" என்று கணக்கிடும் பெற்றோரும் உளர். சட்டம் அதற்கு வழிவிடலாம். ஆனால், படைக்கே செல்ல விரும்பிய வேறொரு பிள்ளையின் இடத்தையன்றோ நாம் பறித்துக்கொண்டோம்? கொடுத்த வாக்கை முறிக்கும் வழியையும் அன்றோ நம் மகனுக்குக் கற்பித்தோம்?

அப்பணி எத்தகையது என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜ். கொரியப் போரின்போது 1950-இல் அங்குச் சென்ற இந்தியப் படையின் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்கு அவரே தலைவர். அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா. படைகள் பியாங்யாங் நகரைவிட்டுப் பின்வாங்கின. மருத்துவக் கருவிகளை ஏற்றிச் செல்ல வண்டிகள் இல்லை. கருவிகளைக் கைவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. பழைய இரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாய் நீர் நிரப்பி, தாமே ஓட்டி, அனைத்தையும் சியோலுக்குக் கொண்டு சேர்த்தனர். 1951 மார்ச் 23-ஆம் நாள், முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினருடன் ரங்கராஜும் பாராசூட்டில் குதித்துக் காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்தார். பின்னர் அவருக்கு மகா வீர சக்கரம் வழங்கப்பெற்றது.

எல்லாருக்கும் போர்க்களம் வாய்க்காது. ஆனால் பனிமலைக் காவலிடமோ, கப்பலோ, எல்லையோர மருத்துவமனையோ, எங்கு அனுப்பினும் செல்ல வேண்டும். வீட்டில் திருமணமோ நோயோ நேரும் நாளில் விடுப்புக் கிடைக்காமலும் போகலாம். பகைவன் காயமுற்று வந்தாலும் அவனுக்கும் அதே கவனத்துடன் சிகிச்சை செய்தல் அவர்தம் கடமை. மறுபுறம், நோயாளியிடம் கட்டணம் பேசவேண்டிய நிலை அவருக்கு இல்லை. பணிக்காலத்திலேயே மேற்படிப்புக்கும் வாய்ப்புண்டு. பெண்களும் உயர்நிலையை எட்டியுள்ளனர்: இக்கல்லூரியில் பயின்ற டாக்டர் புனிதா அரோரா 2004-இல் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார், நம் நாட்டில் அப்பதவி பெற்ற முதல் பெண்மணி அவரே.

ஆகவே, விண்ணப்பத்தை நிரப்புமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒப்பந்தத்தை வரிவரியாக அவனையே படிக்கச் சொல்லுங்கள். "கட்டணம் கட்டும் வசதி நமக்கு இருந்தாலும் இவ்வழியையே நீ தேர்ந்திருப்பாயா?" என்று கேளுங்கள். "ஆம்" என்பானாயின் மகிழ்ந்து அனுப்புங்கள். தயங்குவானாயின் வற்புறுத்தாதீர்கள், பிறருக்குத் தொண்டாற்ற அவனுக்கு வேறு வழிகளும் திறந்தே உள்ளன.