ஓய்வுகாலப் பணமும் ஒரு துண்டுப் பத்திரமும்

அமெரிக்காவில் ஐ.ஆர்.ஏ என்று ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு உண்டு. அதில் 'செல்ஃப் டைரக்டட்' வகை என்றால், அந்தப் பணத்தை வீட்டு அடமானக் கடனாகக் கொடுத்து வட்டி பார்க்கலாம்.

"கஸ்டோடியன் இருக்காரே, என்ன பயம்?" என்பார்கள். சுத்தப் பேத்தல்! அவர் கணக்குப்பிள்ளை மாதிரி. வரவு செலவு எழுதுவார்; கடன் வாங்குபவன் யோக்கியனா என்று பார்க்கமாட்டார்.

உட்பிரிட்ஜ் கதை தெரியுமா? 8,400 பேருக்கு மேல், 122 கோடி டாலர். 2017-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. குறைந்தது 2,600 பேர் போட்டது ஐ.ஆர்.ஏ பணம். கடன் வாங்கியதாகச் சொன்ன கம்பெனிகள் பெரும்பாலும் முதலாளி ராபர்ட் ஷாப்பிரோவுடையவையே! 2019-ல் அவருக்கு 25 வருட சிறை.

ஆடிட்டிங் வகுப்பில் வெரிஃபிகேஷன் படித்தோமே: சொத்து இருக்கிறதா, யாருடையது, என்ன பெறும்? மூன்றையும் நீங்களே பார்க்க முடியாதா? அப்போது கிழவயதுச் சோற்றில் கை வைக்காதீர்கள்.