போனுக்கும் பேதி வேண்டும்!

"டாக்டர், தூக்கமே வரலை. கழுத்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது..."

போன மாதம் ஒரு சாயங்காலம், திருப்பாச்சூரில் என் மருத்துவமனைக்கு வந்தவர் இப்படித்தான் ஆரம்பித்தார். கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். நாடி பார்த்தேன். வாதம் தூக்கலாக இருந்தது.

"படுக்க எத்தனை மணி ஆகும்?" என்று கேட்டதும் மனிதர் நெளிந்தார். கூட வந்த மனைவிதான் போட்டு உடைத்தார்: "ராத்திரி ஒரு மணி வரைக்கும் போட்டோ அழிச்சுக்கிட்டே இருக்காரு சார். மெமரி ஃபுல்லாம்!"

போனை வாங்கிப் பார்த்தேன். பதினாலாயிரத்துச் சொச்சம் படங்கள்! குழந்தை தூங்குகிற படம் ஒரே மாதிரி இருபது. 'குட்மார்னிங்' ரோஜாப்பூ நூற்றுக்கணக்கில். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, சாப்பிட்ட பிரியாணி... எல்லாம் ஒரே குவியல்.

"எதை வெச்சுக்கறது, எதை அழிக்கறதுன்னே புரியலை டாக்டர்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துக் குரல் கம்மச் சொன்னார். "தூக்கக் கலக்கத்துல ஒருநாள் மொத்தமா செலக்ட் பண்ணி அழிச்சுட்டேன். எங்கம்மா போட்டோவும் அதுல போயிடுச்சு. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள், வாசல்ல உக்காந்து பூ கட்டிக்கிட்டிருந்தாங்க. அந்தப் படம். எனக்குத் தெரிய வந்தப்போ ரெண்டு மாசம் தாண்டிடுச்சு."

கழுத்துக்குத் தைலம் கொடுத்துவிடலாம். இதற்கு என்ன கொடுப்பது? அதைத்தான் இன்று உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன்.

இலவசம் செய்த வேலை

என் கல்யாணத்தின்போது ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம்தான். கழுவவும் பிரிண்ட் போடவும் தனிக் காசு. அதனால் போட்டோகிராபர் யோசித்துத்தான் பொத்தானை அழுத்துவார். தேர்ந்தெடுக்கும் வேலை படம் எடுக்கும் முன்பே முடிந்துவிடும். இப்போது எடுப்பதற்குக் காசில்லை. எனவே யோசனையும் இல்லை. எடுத்த பிறகு உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதை நாம் செய்வதில்லை. 'கூகுள் போட்டோஸ்' கணக்கு வழக்கில்லாமல் இலவசமாக இடம் கொடுத்து வந்தது. 2021 ஜூன் 1 முதல் அதற்கும் கணக்கு வந்துவிட்டது. மெயில், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜி.பி. வரைதான் இலவசம்.

இது மனதையும் தொடுகிற விஷயம். 2015-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 47 வயது மனிதர். தினமும் சுமார் ஆயிரம் படம் எடுப்பார். அவற்றை அடுக்கி வைப்பதிலேயே பொழுது போய்விடும். ஆனால் எடுத்த படங்களைத் திரும்பிப் பார்த்ததே இல்லை! என்றாவது பயன்படும் என்று மட்டும் உறுதியாக நம்பினார். நமக்கு அந்த அளவு முற்றவில்லை. ஆனாலும் 'என்றாவது பயன்படும்' என்ற அந்த வார்த்தை நம் வீட்டிலும் கேட்கிற வார்த்தைதானே?

அமெரிக்காவில் ஒரு மனநல ஆராய்ச்சி, 2014-ல் வெளியானது. மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருட்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டால், படம் எடுத்ததைவிடக் கண்ணால் பார்த்ததுதான் அதிகம் நினைவில் நின்றது. போன் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று மூளை ஓய்வெடுத்துக்கொள்கிறதோ என்னவோ!

தேரையர் சொன்ன கணக்கு

பாளையங்கோட்டையில் நான் சித்த மருத்துவம் படித்தபோது முதலில் மனதில் பதிந்த பாடங்களில் ஒன்று, தேரையரின் நோயணுகா விதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்குக்கு நசியம் என்று அதில் கணக்கு வைத்திருக்கிறார். நோய் வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்பே. கழிவு தேங்கிய பிறகு அவதிப்படாமல், நாள் குறித்து நிதானமாக வெளியேற்று என்பதுதான் அதன் சாரம்.

போனுக்கும் இதே விதிதான். நான்கு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, பேசிக்கொண்டே செய்யுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பேதி மருந்தை எல்லோருக்கும் எப்போதும் கொடுப்பதில்லை. கர்ப்பிணிக்கு, தளர்ந்தவருக்கு, காய்ச்சலில் கிடப்பவருக்குக் கொடுக்கமாட்டோம். மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகவும் சாப்பிடக்கூடாது. அதுபோலத்தான் இதுவும். தூக்கக் கலக்கத்தில் அழிக்காதீர்கள். கோபத்தில் அழிக்காதீர்கள். வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால், ஒரு வருடமாவது இறந்தவர் படம் எதிலும் கை வைக்காதீர்கள்.

"இடம்தான் மலிவாச்சே, எதுக்கு அழிக்கணும்?"

என் மகனே என்னிடம் இப்படிக் கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்கு ஓலைச்சுவடி கதையைச் சொன்னேன்.

ஓலைச்சுவடி எத்தனை பத்திரமாக வைத்தாலும் சில நூறு வருடங்களில் செல்லரித்துப் போகும். அதனால் நம் முன்னோர் பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிக்கொண்டு, பழசை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மறந்துவிட்டார்கள். பிரதி எடுக்காமலே ஆற்றில் விட்டார்கள்; நெருப்பிலும் போட்டார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடிப் போய், இதைக் கண்டு நொந்து எழுதியிருக்கிறார். எங்கள் சித்த மருத்துவச் சுவடிகளில் எத்தனை அப்படிப் போயினவோ!

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. யாராவது அக்கறையாகப் பிரதி எடுத்ததுதான் பிழைத்தது. நாற்பதாயிரம் படத்தைப் பேரன் பிரதி எடுப்பானா? ஒரு தடவை புரட்டிக்கூடப் பார்க்கமாட்டான். நானூறு இருந்தால் பார்ப்பான். இது முதல் பாடம். பிரதி எடுத்த பிறகே ஆற்றில் விட வேண்டும் என்பது இரண்டாவது.

எது போகலாம், எது இருக்கட்டும்?

முதலில் போக வேண்டியவை: வாழ்த்துப் படங்கள், கட்டி முடித்த பில்கள், ஒரே காட்சியின் இருபது நகல்கள் (நல்லதாக இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்). விபத்து, ரத்தம் என்று யாரோ அனுப்பிய கோரப் படங்களை ஒரு நிமிடம்கூட வைத்திருக்காதீர்கள். பிள்ளைகள் கையில் போகிற போன் அது!

இருக்க வேண்டியவற்றில் ஒன்று, மருத்துவப் படங்கள். "போன வருஷம் ரத்தப் பரிசோதனை எடுத்தோமே, அழிச்சுட்டேன் டாக்டர்" என்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, தோலில் வந்த தடிப்பு... இவற்றைத் தேதியோடு தனி ஃபோல்டரில் போடுங்கள். காளாஞ்சகப்படை வந்தவருக்கு மூன்று மாதத்துக்கு முன் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மருந்து வேலை செய்கிறதா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். காகித ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

குடும்பப் படங்களுக்கு என் அளவுகோல் ஒன்றுதான். மேடையில் நின்று சிரித்த படம் ஐம்பதில் ஐந்து போதும். அப்பா சைக்கிள் துடைப்பது, பாட்டி அரிசி புடைப்பது, அம்மா பூ கட்டுவது... இவை ஒன்றுகூடப் போகக்கூடாது. மங்கலாக இருந்தாலும் சரி. மேடைப் படம் சொந்தக்காரர் எவரிடமாவது இருக்கும். பூ கட்டுகிற அம்மா உங்களிடம் மட்டும்தான் இருப்பார்.

நாலு எச்சரிக்கை

அழித்த படம் உடனே மறைவதில்லை. பெரும்பாலான போன்களில் குப்பைக்கூடையில் 30 நாள் இருக்கும். கூகுளில் ஏற்றி வைத்ததென்றால் 60 நாள். அதற்குள் தேடினால் கிடைத்துவிடும்.

இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பது 2023-ல் வந்த விதி. இறந்துபோன அப்பாவின் போன் பீரோவில் தூங்குகிறதா? அதில் உள்ள படங்களை இப்போதே பிரதி எடுங்கள்.

ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை வீட்டு ஆல்பங்கள் கூழாகிப் போயின! பென்டிரைவில் ஒன்று, வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் ஒன்று இருக்கட்டும். வருடத்துக்கு இருபது படமாவது பிரிண்ட் போடுங்கள்.

கடைசியாக, குனிந்து பார்க்காதீர்கள். தலையை 60 டிகிரி கவிழ்த்தால் கழுத்தில் சுமார் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று ஒரு அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் 2014-ல் கணக்கிட்டார். போனைக் கண்ணுக்கு நேராக உயர்த்துங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதைக் கூடத்தில் விட்டுவிடுங்கள்.

அந்தக் கும்மிடிப்பூண்டிக்காரர் மூன்று வாரம் கழித்து வந்தார். கழுத்து வலி குறைந்திருக்கிறது, தூங்குகிறார். "அம்மா போட்டோ?" என்று கேட்டேன்.

"அது கிடைக்கலை டாக்டர். எங்கக்கா போன்ல வேற ஒண்ணு இருந்துச்சு. கை ஆடி, மங்கலா விழுந்த படம். அம்மா பாதி திரும்பியிருக்காங்க. அதை அழிச்சிடலாம்னு அக்கா நெனச்சுக்கிட்டிருந்தாங்களாம்."

பிரிண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் மடியில் பூ இருந்தது.

உங்கள் போனிலும் அப்படி ஒரு மங்கல் படம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அதைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ரோஜாப்பூவை அப்புறம் அழித்துக்கொள்ளலாம்.