வேலையா, கமிஷனா?

காப்பீட்டு நிறுவனத்தில் ‘விற்பனை அதிகாரி’ பணி என்ற விளம்பரத்தை நம்பிப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கின்றனர். தொலைபேசியில் ஒரு நேர்காணல், கிளையில் இரண்டு. நடுவே வாரக்கணக்கில் பதிலே இல்லை. கடைசிச் சுற்றில் கேட்கப்படுவது கல்வித் தகுதியல்ல. உறவினர், நண்பர்களின் பெயர்ப் பட்டியல். காத்திருந்தது சம்பள வேலைக்கல்ல, கமிஷன் முகவர் நியமனத்துக்குத்தான் என்பது அப்போதுதான் புரிகிறது. அந்த நியமனத்துக்கும் 25 மணி நேரப் பயிற்சி, தேர்வு, தேர்வுக் கட்டணம் உண்டு. சட்டத்தின் பார்வையில் முகவர் ஊழியர் அல்லர். எனவே மாத ஊதியமில்லை, வருங்கால வைப்பு நிதியில்லை.

முகவர் தொழில் இழிவானதல்ல. எல்ஐசியைக் கிராமங்கள் வரை கொண்டு சென்றவர்கள் முகவர்களே. வேலை என்று சொல்லி அழைத்து முகவராக்குவதுதான் மோசடி.

இம்மோசடி செழிக்கக் காரணம், நேரான வாசல் அடைபட்டிருப்பதே. 1956இல் 245 நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி உருவான எல்ஐசி, எழுத்துத் தேர்வும் இடஒதுக்கீடும் வழியாகச் சாதாரணக் குடும்பப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை தந்தது. 2019இல் ஏறத்தாழ 8 ஆயிரம் உதவியாளர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பின்னர் ஆண்டுக்கணக்கில் எழுத்தர் தேர்வே இல்லை. அந்நிய முதலீட்டு வரம்போ 26 சதவீதத்திலிருந்து 2015இல் 49, 2021இல் 74 என ஏறியது. முதலீடு வந்தால் வேலை பெருகும் என்றார்கள். பெருகியது விற்பனை இலக்குதான்.

பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களின் காலியிடங்களை ஒன்றிய அரசு உடனே நிரப்ப வேண்டும். முகவர் சேர்க்கையை ‘வேலைவாய்ப்பு’ என்று விளம்பரம் செய்வதை ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்ய வேண்டும்.