குதிரை மேல் மேனேஜர்

நான் முன்பு குப்பை கொட்டிய ஆபீஸில் ஒரு மேனேஜர். மார்ச் 31 வந்தால் 'விடிய விடிய உட்கார்ந்து முடிங்கப்பா' என்று சொல்லிவிட்டு, ஆறு மணிக்கு ஸ்கூட்டரை உதைத்துவிடுவார். அவரை நினைத்தால் எனக்கு ஸெனபோன் ஞாபகம் வரும்.

கி.மு. 401. அண்ணனிடமிருந்து பாரசீகச் சிம்மாசனத்தைப் பிடுங்கக் கிளம்பினான் தம்பி சைரஸ். கூடவே பத்தாயிரத்துக்கும் மேல் கிரேக்கக் கூலிப்படை. பாபிலோன் பக்கம் குனாக்ஸாவில் தம்பி காலி. 'பேசித் தீர்த்துக்கலாம், வாங்க' என்று அழைத்த பாரசீகர்கள், போன கிரேக்கத் தளபதிகள் ஐந்து பேரையும் தீர்த்தே விட்டார்கள். முதலாளி இல்லை, சம்பளம் இல்லை, ஊரோ ஆயிரம் மைலுக்கு அப்பால். படையே கூடிப் புதுத் தளபதிகளைத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒருவர், அதுவரை எந்தப் பதவியும் இல்லாத ஸெனபோன்.

ஊர் திரும்பும் வழியில் ஒரு மலையுச்சி. எதிரிக்கு முன்னால் பிடித்தாக வேண்டும். 'பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்கப் போறதா நினைச்சு ஓடுங்க!' என்று குதிரை மேலிருந்து குரல் கொடுத்தார் ஸெனபோன்.

சோட்டரிடஸ் என்ற சிப்பாய் கடுப்பாகிவிட்டான். 'உங்களுக்கென்ன, குதிரை மேல இருக்கீங்க. கேடயத்தைத் தூக்கிட்டு நானில்ல சாகறேன்!'

மெமோ கிடையாது. ஸெனபோன் குதித்து இறங்கினார். அவனை வரிசையிலிருந்து தள்ளிவிட்டு, கேடயத்தைப் பிடுங்கித் தானே சுமந்து ஏறினார். உடம்பில் ஏற்கெனவே குதிரைப்படைக் கவசம் வேறு. பார்த்த மற்ற சிப்பாய்கள் சோட்டரிடஸை மொத்தி, கேடயத்தைத் திரும்ப வாங்க வைத்தார்கள். உச்சி கிரேக்கர்களுக்கே!

ஒரு சின்ன நெருடல். இதை 'அனபஸிஸ்' நூலில் எழுதியவர் ஸெனபோனேதான். தன் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்டைத் தானே எழுதிக்கொண்ட புண்ணியவான்!

போகட்டும். முணுமுணுத்தவனின் பெயரையும் புகாரையும் மறைக்காமல் எழுதி வைத்தாரே! 2,400 வருஷம் கழித்தும் அது நமக்குக் கேட்கிறது. நான் கொடுத்த புகார் மறுநாளே ஃபைலில் இல்லை.