எல்லைகளும் எண்களும்

நகரங்கள் பெருகிவரும் ஒரு நாட்டில் நகர மக்களின் விகிதம் குறைய முடியுமா? இலங்கையின் குடிசன மதிப்பீடுகளை அவ்வாறே ஏற்பதாயின், முடியும் என்றே கூறல் வேண்டும். 1981ஆம் ஆண்டில் நாட்டு மக்களுள் 21.5 சதவீதத்தினர் நகரவாசிகளாகக் கணிக்கப்பட்டனர். 2012ஆம் ஆண்டில் அது 18.2 சதவீதமாகக் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் பட்டினங்களைத் துறந்து வயல்வெளிகளுக்குத் திரும்பினரல்லர். மாறியது மக்களின் வாழ்க்கையன்று. நிருவாக எல்லைக் கோடே.

1981இல் மாநகர சபை, நகர சபை, பட்டின சபை ஆகிய மூவகைச் சபைகளின் பகுதிகளும் நகரங்களாகக் கொள்ளப்பட்டன. பின்னர் பட்டின சபைகள் ஒழிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் பின் அவற்றின் பகுதிகளுட் பல பிரதேச சபைகளுள் அடங்கின. பிரதேச சபையின் ஆள்புலத்தில் அடங்குவது நகரமன்று என்பது கணக்கெடுப்பின் வரைவிலக்கணம். ஆகவே, பெருஞ் சந்தையும் புகையிரத நிலையமும் கொண்ட சுன்னாகம் கிராமமாயிற்று. கொழும்பு மாநகரின் அயலில் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் கொட்டிகாவத்தை–முல்லேரியாவும் அவ்வாறே கிராமமாயிற்று. வடிகாலும் கழிவகற்றலும் வீதிப் போக்குவரத்தும் திட்டமிடப்படுவது இத்தகைய எண்களைக் கொண்டே என்பதை நினைவுகூரின், இது வெறும் சொற்பூசலன்று என்பது புலப்படும்.

இத்தவறு மலையகத்திலே மேலும் கொடிய வடிவம் பெறுகின்றது. 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்போது நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளே இருந்தன. அவற்றுள் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டிலும் தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அதே காலத்தில் நெடுந்தீவுச் செயலகத்தின் மக்கள்தொகை ஐயாயிரத்தையும் எட்டவில்லை. கடல் சூழ்ந்த தீவுக்குத் தனிச் செயலகம் தேவை என்பதை எவரும் மறுக்கார். ஆனால், ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக ஒருநாட் கூலியை இழந்து மலையிறங்கும் தோட்டத் தொழிலாளிக்கு அவ்வுரிமை ஏன் இவ்வளவு காலம் மறுக்கப்பட்டது? புதிய பிரிவுகளுக்கான கோரிக்கை ஆண்டுக்கணக்கில் எழுப்பப்பட்ட பின்னரே அரசு அசைந்தது. பிரதேச சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாயிருந்த 33ஆம் பிரிவும் 2018இலேயே திருத்தப்பட்டது. அதுவரை, வாக்கெடுப்பில் எண்ணப்பட்டோர் வரவுசெலவில் எண்ணப்படவில்லை.

‘தோட்டத்துறை’ எனும் புள்ளிவிபரப் பகுப்பும் இக்குறைக்கு விலக்கன்று. இருபது ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பும் பத்துக்குக் குறையாத வதியும் தொழிலாளரும் கொண்ட நிலமே தோட்டம் எனப்படுகின்றது. தோட்டம் துண்டாடப்படின் அல்லது கைவிடப்படின், அதே லயன் அறையில் அதே வறுமையோடு வாழும் குடும்பம் ‘கிராமிய’ நிரலுக்குச் சென்றுவிடும். துயர் தீராமலே துயருற்றோர் தொகை குறையும்.

எல்லைகள் மாற்றவொண்ணாதவை என்று வாதிடுவோர் வரலாற்றை நோக்குவாராக. 1833இல் கோல்புறூக்–கமரன் விதப்புரைகளின் வழி ஆங்கிலேயர் வகுத்த மாகாணங்கள் ஐந்தே. கண்டி இராச்சியத்தின் நிலப்பரப்பைக் கூறுபோட்டுக் கரையோரத்தோடு இணைத்தமை செலவுச் சிக்கனத்துக்காக மட்டுமன்று; கண்டியரின் ஒற்றுமையைச் சிதைக்கும் நோக்கும் அதில் இருந்தது. 1845, 1873, 1886, 1889 ஆகிய ஆண்டுகளில் புதிய மாகாணங்கள் தோன்றித் தொகை ஒன்பதாயிற்று. அந்நியன் தன் ஆட்சி வசதிக்காக வரைந்த கோடுகளை, அவன் சென்ற பின்னரும் புனிதமெனப் போற்றுவது அடிமை மனப்பான்மையின் எச்சமேயாகும்.

எல்லை மீள்வரைவு பெரும்பான்மையோரின் ஆயுதமாகிவிடும் என்ற அச்சம் தமிழ் மக்களிடையே உண்டு. அது ஆதாரமற்ற அச்சமன்று. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டதையும், குடியேற்றங்களின் வரலாற்றையும் அறிந்தோர் அதனை எள்ளி நகையாடார். ஆயினும், 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து கிளிநொச்சி பிரிந்தமையையும் சீர்தூக்கல் வேண்டும். குடாநாட்டின் சராசரிக்குள் மறைந்துகிடந்த பெருநிலப்பரப்பின் விவசாயக் குடிகளுக்குத் தமக்கென ஒரு கச்சேரியும் ஒரு கணக்கும் அதனாலேயே கிடைத்தன. கத்தியைக் கொலைஞனும் ஏந்துவான், வைத்தியனும் ஏந்துவான். கேள்வி கத்தியைப் பற்றியதன்று. அதனைப் பிடிக்கும் கையைப் பற்றியது.

அக்கை ஆட்சியாளரின் கையாக இருத்தலாகாது. மாகாண சபைத் தொகுதிகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒன்றேனும் விழவில்லை. எல்லையை வரைவதும் வரைந்ததைக் கிழிப்பதும் கட்சிகளின் பொழுதுபோக்காயிருக்கும்வரை, தேர்தலும் தேங்கும்; நிருவாகமும் தேங்கும்.

பழைய தரவுகளோடு ஒப்பிட இயலாது போகும் என்பது புள்ளிவிபரவியலாரின் தடை. இதற்கு விடை எளிது. கிராம அலுவலர் பிரிவைச் செங்கல்லாகக் கொள்க. செங்கற்கள் மாறாதிருப்பின், அவற்றைக் கொண்டு பழைய வீட்டையும் கட்டலாம். புதிய வீட்டையும் கட்டலாம். எங்கேனும் செங்கல்லையே உடைக்க நேரின், பழைய எல்லைப்படியும் புதிய எல்லைப்படியும் இருவகை எண்களும் வெளியிடப்படல் வேண்டும்.

ஆகவே வேண்டப்படுவன மூன்று. நகரம் என்பது சபையின் பெயரால் அன்றி, குடியடர்த்தியாலும் தொழிலாலும் வசதிகளாலும் வரையறுக்கப்படல் வேண்டும். மக்கள்தொகை, தூரம், நிலவமைப்பு ஆகியவற்றின் அடிப்படையில் பிரதேச செயலகப் பிரிவுகள் அமைதல் வேண்டும். தோட்டக் குடியிருப்புகள் இதற்கு விலக்காகா. ஒவ்வொரு குடிசன மதிப்பீட்டின் பின்னரும், முன்கூட்டியே வெளியிடப்பட்ட விதிகளின்படி, சகல இனங்களினதும் நம்பிக்கைக்குரிய சுயாதீன ஆணைக்குழுவொன்று எல்லைகளை மீளாய்தல் வேண்டும்.

எண்ணப்படாதவனுக்குப் பாடசாலை இல்லை; வைத்தியசாலை இல்லை; வீதியும் இல்லை. அவன் எந்தக் கோட்டின் எப்பக்கத்தில் நிற்கின்றான் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, அக்கோட்டால் இலாபம் பெறுவோரிடம் இனியும் இருத்தலாகாது.